கேட்பார் கடன்

வாக்கு என்பது வாயில் தோன்றி வாயோடு முடிந்துவிடும் பொருளன்று. சைவ சித்தாந்த நூல்கள் அதனைச் சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என நான்காக வகுத்து, அறிவின் ஆழத்தில் உருவின்றிக் கிடக்கும் நுண்ணொளி படிப்படியாகத் திரண்டு, எண்ணமாகி, கண்டத்தளவில் தனக்கு மாத்திரம் கேட்கும் சொல்லாகி, ஈற்றில் பல்லும் நாவும் இதழும் பட்டுப் பிறர் செவியைச் சென்று சேரும் வைகரியாக வெளிப்படுகின்றது என்று கூறும். இவ்வரிசையை ஊன்றி நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். முதல் மூன்று நிலைகளும் பேசுவோருக்கே உரியனவாக இருக்க, நான்காம் நிலை மாத்திரம் பிறரொருவரின் செவியைத் தன் எல்லையாகக் கொண்டு நிற்கின்றது. ஆகவே ஒரு குரல் நிறைவெய்துவதற்குப் பேசியவர் மட்டும் பொறுப்பாளியாகார். கேட்க வேண்டியவரும் அதற்குப் பொறுப்பாளியாவார்.

பெண்களின் குரல் இக்காலத்திலும் கேட்கப்படாதிருக்கின்றதா என்ற வினாவை நாம் இந்த இடத்திலிருந்தே எழுப்புதல் வேண்டும். இலங்கைப் பெண்கள் 1931 ஆம் ஆண்டிலேயே, ஆசியாவின் ஏனைய பல நாடுகளுக்கு முன்பாக, வாக்குரிமை பெற்றார்கள் என்பதும், உள்ளூராட்சி மன்றங்களில் நாலில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்ற சட்டம் 2018 பெப்ரவரித் தேர்தலில் நடைமுறைக்கு வந்தது என்பதும், வன்னியின் மாவட்டச் செயலகங்களில் அரசாங்க அதிபரின் ஆசனத்தில் பெண்களும் அமர்ந்திருக்கின்றார்கள் என்பதும் மெய்யே. எனினும் இவை யாவும் பெண் பேசுவதற்குத் திறக்கப்பட்ட வாயில்களைப் பற்றிய கணக்கேயன்றி, அவள் பேசிய பின் நிகழ்ந்தது யாது என்பதைப் பற்றிய கணக்கல்ல. அந்த இரண்டாவது கணக்கைப் பார்க்க விரும்புவோர் வன்னி மண்ணைப் பார்த்தல் வேண்டும்.

2017 ஆம் ஆண்டு ஜனவரி 23 ஆம் நாள் வவுனியாவில், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் சிலர் சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினர். நான்காம் நாள் பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் நேரில் வந்து வாக்குறுதி தந்தபின் அவர்கள் அதனைக் கைவிட்டனர். வாக்குறுதி பயன் தராது போகவே, அடுத்த மாதம் 24 ஆம் நாள் முதல் வீதியோரத்தில் தொடர் போராட்டமாக அமர்ந்தனர். அதற்கு நான்கு நாள் முன்னதாக, பெப்ரவரி 20 இல், கிளிநொச்சித் தாய்மார் கந்தசாமி கோயில் முன்றலில் அமர்ந்திருந்தனர். மார்ச் 8 ஆம் நாள், உலகம் மகளிர் தினத்தைக் கொண்டாடிக்கொண்டிருந்த வேளையில், முல்லைத்தீவுத் தாய்மாரும் தம் பந்தலை அமைத்துக்கொண்டனர். யுத்தத்தின் இறுதி நாள்களில், 2009 மே மாதத்தில், வட்டுவாகலில் பலர் காணத் தம் கையாலேயே இராணுவத்திடம் ஒப்படைத்த பிள்ளைகளும், கணவன்மாரும், அவர்களோடு சென்ற சிறு குழந்தைகளும் எங்கே என்பதுதான் அவர்கள் கேட்டது. வெள்ளை வாகனங்களிலும் சுற்றிவளைப்புகளிலும் கொண்டு செல்லப்பட்டோரின் உறவினரும் அவர்களோடு சேர்ந்தே கேட்டனர். விடை காணாமலே அவர்களுள் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்துவிட்டார்கள்.

இப்பெண்களுக்குக் குரல் இல்லை என்று எவரும் சொல்ல இயலாது. அதனைக் கேட்கவென்றே அமைக்கப்பட்ட அவைகளும் பல. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2010 இல் வந்தது. காணாமற்போனோரின் முறைப்பாடுகளை விசாரிக்கவென்று மற்றோர் ஆணைக்குழு 2013 இல் நியமிக்கப்பட்டது. காணாமற்போனோர் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் 2016 இல் இயற்றப்பட்டு, அதன் ஆணையாளர்கள் 2018 இல் பதவியேற்றனர். ஒவ்வொன்றின் முன்னும் அதே தாய் அதே புகைப்படத்தை நீட்டி, அதே நாளையும் அதே இடத்தையும் சொல்லி, மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் வாய்வழியாகத் தன் துயரம் சுருங்கிப் போவதைக் கண்டுகொண்டிருந்தாள். பிள்ளை எங்கே என்று கேட்டவளிடம், வாழ்வாதார உதவி ஏதும் வேண்டுமா என்று திருப்பிக் கேட்கப்பட்டது. 2017 ஜூன் மாதத்தில் நாட்டின் சனாதிபதியே யாழ்ப்பாணத்தில் அவர்களைச் சந்தித்து, சரணடைந்தோரின் பெயர்ப் பட்டியலை வெளியிடப் பணிப்பதாகக் கூறினார்; பட்டியல் அவர்கள் கைக்கு வரவில்லை. 2020 ஜனவரியில், அடுத்து வந்த சனாதிபதி, ஐக்கிய நாடுகள் சபையின் பிரதிநிதியிடம், காணாமற்போனோர் உண்மையில் இறந்துவிட்டனர் என்று கூறினார். எப்போது, எங்கே, எவர் கையில் என்று கூறினாரில்லை. 2022 இல், ஆளைக் காணவில்லை என்ற சான்றிதழைப் பெற்ற குடும்பங்களுக்கு ஓர் இலட்சம் ரூபாய் என அமைச்சரவை முடிவு செய்தது. தாம் கேட்டது பணமன்று என்று கூறித் தாய்மார் அதனை மறுத்தார்கள்.

ஆகவே பேசுதல் நிகழ்ந்தது, செவியில் விழுதலும் நிகழ்ந்தது. நிகழாது போனது கேட்டல். இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை நம் சமயம் நன்கறியும். ஞானத்தின் படிகளாகச் சைவ சித்தாந்தம் கூறுவன கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என்பன. கேட்டது சிந்தனையாகாமலும், சிந்தனை தெளிவாகாமலும், தெளிவு நிலைபேறடையாமலும் நின்றுவிடின், அங்கே ஒலி செவியைத் தீண்டியதேயன்றிச் சிரவணம் என்பது நடைபெறவில்லை. குருவின் முன் இருக்கும் மாணாக்கனுக்கு மாத்திரம் உரிய விதி இது என்று கருதுவோர், திருவள்ளுவர் கேள்வி என்னும் அதிகாரத்தை அரசியல் என்ற இயலிலே வைத்ததை நோக்குவாராக. காதுக்கு இனியதல்லாத சொல்லையும் தாங்கிக்கொள்ளும் இயல்பை இறைமாட்சியின் இலக்கணத்துள்ளேயே அவர் அடக்கினார். கேட்டல் ஆள்வோனுக்குரிய தர்மம். அது அவன் காட்டும் கருணையன்று.

இந்தத் தர்மத்தை வன்னியிற் பிறந்தோர்க்கு வெளியிலிருந்து கொணர்ந்து கற்பிக்க வேண்டியதில்லை. நந்திக்கடலின் கரையில், வற்றாப்பளையில், நீதி கேட்டு அரசவை ஏறிய ஒரு பெண்ணையே நாம் அம்மாளாச்சி என்று வணங்கி வருகின்றோம். மதுரையை எரித்தபின் கண்ணகி இலங்கைக்கு வந்து பல தலங்களில் தங்கி, ஈற்றில் மூதாட்டி வடிவில் நந்திக்கடற்கரையில் மாடு மேய்த்த சிறுவரிடையே தோன்றினாள் என்பதும், எண்ணெய் இல்லையென்ற அவர்களிடம் கடல்நீரை வார்த்து விளக்கேற்றச் சொன்னாள் என்பதும், அவளுடைய தலையை வகிர்ந்து பார்த்த சிறுவன் அங்கே ஆயிரம் கண்களைக் கண்டான் என்பதும் வழிவழியாக வரும் ஐதிகம். வைகாசிப் பொங்கலுக்கு முன்பாக முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தமெடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீரில் விளக்கெரிக்கும் வழக்கம் அதனின்றும் வந்தது.

அம்மாளின் கதையில் கண்ணகியின் சீற்றத்தைப் பாடாத நா இல்லை. ஆனால் அக்கதையில் கேட்டவன் ஒருவனும் உளன் என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. பாண்டியன் நெடுஞ்செழியன் முதலில் தவறாகக் கேட்டான். பொற்கொல்லன் சொன்ன ஒரு சொல்லை, சாட்சி வேண்டாமலும் விசாரணை செய்யாமலும், அரசியின் ஊடலைத் தீர்க்க விரைந்த மனத்தோடு ஏற்றுக்கொண்டு கண்ணகியின் கணவன் கோவலனின் உயிரைப் போக்கினான். கண்ணகியோ தன் சொல்லுக்குச் சான்றாகிய சிலம்பைத் தானே ஏந்தி வர வேண்டியிருந்தது. ஆயினும் அவள் வாயிலில் வந்து நின்றபோது அவன் அவளை உள்ளே அழைத்தான். யார் என்று வினவினான். சிலம்பின் பரல் யாது என்ற ஒன்றே வழக்கைத் தீர்க்கும் என்பதை ஏற்றுக்கொண்டான். முத்துக்குப் பதிலாக மாணிக்கம் தெறித்தபோது, தன் தவறென்று அவனே கூறி உயிர் நீத்தான். கேட்டலின் நான்கு படிகளும் ஒரே அவையில், ஒரே பொழுதில் நிறைவேறின. பிழை செய்தவன் என்று இகழ வேண்டிய ஒரு மன்னனை இன்றளவும் தமிழுலகம் மதித்துப் போற்றுவதன் காரணம் அதுவே.

இங்கே ஓர் ஆட்சேபம் எழக்கூடும். நடந்தவை யாவும் முன்வினைப் பயன்; அதனை எவரிடம் கேட்டு என்ன பயன் என்பது அது. அயலாரும் உறவினரும், சில வேளைகளில் சமயப் பெரியோரும், "எல்லாம் விதி பிள்ளை, மனதைத் தேற்று" என்று அந்தத் தாய்மாருக்கு ஆறுதலாகச் சொல்லும் சொல்லும் அதுவே. அன்பினால் சொல்லப்படினும், அச்சொல் வாயை அடைக்கும் சொல்லாக முடிகின்றது. வினைக்கேற்ற பயனை ஊட்டுவோன் இறைவன் என்பது சித்தாந்தம். அந்த உண்மையைத் தன் கடமையிலிருந்து தப்புவதற்குரிய சாட்டாகக் கொள்ளும் உரிமை எந்த மனிதனுக்கும் தரப்படவில்லை. பசித்தவனின் பசி அவன் வினையென்று கூறிச் சோற்றுப் பானையை மூடிவைப்பவன் சைவனாகான்.

அதனினும் ஆழமான விடை சிலப்பதிகாரத்திலேயே இருக்கின்றது. ஊழின் வலிமையை நிறுவுவதைத் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்ட அதே காவியம், கண்ணகியை ஊழின் பெயரால் வீட்டில் அமர்த்திவிடாமல் அரசவைக்கு அனுப்புகின்றது. நீதி கேட்டு முடித்த பின்னரே மதுராபதித் தெய்வம் தோன்றி முற்பிறப்பின் காரணத்தை அவளுக்குச் சொல்கின்றது. அந்தக் காரணம் யாது? கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் பண்டம் விற்கச் சென்ற சங்கமன் என்னும் வணிகனை, அரச சேவையிலிருந்த பரதன் என்பவன் பகைவரின் ஒற்றன் என்று பொய் சொல்லிக் கொல்வித்தான். சங்கமனின் மனைவி நீலி, இது நீதியா என்று வீதிதோறும் அரற்றிப் பதினான்கு நாள் திரிந்தாள். எவரும் கேட்கவில்லை. ஒரு மலையுச்சியில் ஏறி, எமக்கு இத்துன்பம் செய்தோர் இதனையே அடைவாராக என்று சபித்து வீழ்ந்தாள். அந்தப் பரதனே மறுபிறப்பில் கோவலனாகப் பிறந்தான்.

இதன் பொருளை நாம் அமைதியாக எண்ணிப் பார்த்தல் வேண்டும். கோவலனைக் கொன்ற ஊழ் வானத்திலிருந்து காரணமின்றி இறங்கிய ஒன்றன்று. பொய்ச் சொல்லால் விளைந்த ஒரு கொலையும், ஒரு பெண்ணின் கேட்கப்படாத முறையீடும் சேர்ந்தே அந்த ஊழ் ஆயிற்று. சிங்கபுரத்து வீதியில் பதினான்கு நாள் ஒலித்து, எந்தச் செவியிலும் தங்காமற் போன குரல், அழிந்துவிடாமல், பிறவி கடந்து வந்து மதுரையின் வாயிலில் நின்றது. கேட்கப்படாத குரல் காற்றிற் கரைந்துபோவதில்லை. அது உலகத்தின் மேல் கடனாக ஏறி நிற்கின்றது. அக்கடனைக் குற்றமற்ற தலைமுறையொன்று செலுத்த நேரிடுகின்றது. ஆகவே விதியைக் காட்டி இத்தாய்மாரை மௌனமாக்க முயல்வோர், விதி எவ்வாறு உண்டாகின்றது என்று இளங்கோவடிகள் காட்டிய இடத்தைப் படிக்கவில்லை என்றே கூறுதல் வேண்டும்.

மௌனமாக்கும் வழி இது ஒன்றேயன்று. பெண்ணைத் தெய்வமாக உயர்த்தி, அதன்பின் அவள் சொல்வதைக் கேளாதிருக்கும் வழியும் ஒன்றுண்டு. பன்னிரு திருமுறைகளை அருளியோர் இருபத்தெழுவர். அவருட் பெண் காரைக்காலம்மையார் ஒருவரே. அவரும் தம் கணவன் அஞ்சி விலகி வணங்கிய பின்னர், ஊனுடம்பின் வனப்பை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றே பாடினார். இறைவன் அவரை அம்மையே என்று அழைத்தான். அவன் அழைத்ததும் அவரது பாட்டைக் கேட்டதும் ஒன்றாகவே நிகழ்ந்தன. ஆனால் நாம் பெண்ணை அம்மா என்று அழைத்துவிட்டு, அந்த அழைப்போடு எம் கடமை முடிந்தது எனக் கொள்கின்றோம். பந்தலில் இருக்கும் தாயின் கண்ணீரைப் படமெடுத்துப் போவோர் பலர். அவள் கையிலுள்ள மனுவின் வாசகத்தைப் படிப்போர் சிலர். உள்நாட்டுப் பொறிமுறையில் நம்பிக்கை இழந்து சர்வதேச விசாரணையைக் கோருவதற்கு அவள் காட்டும் நியாயங்கள் எவை, எந்த அலுவலகத்தை அவள் ஏன் ஏற்க மறுக்கின்றாள், யாருடைய சாட்சியத்தை அவள் முன்வைக்கின்றாள் என்பன ஒரு பிரசையின் ஆழ்ந்த அரசியல் சிந்தனைகள். அவற்றை விட்டுவிட்டு அழுகையை மாத்திரம் கேட்பது, அவளைப் பாதி கேட்பதுமாகாது.

அரசை மாத்திரம் குற்றஞ்சாட்டி நாம் ஒதுங்கிக்கொள்வதும் தர்மமாகாது. எம் வீட்டுக்குள்ளும் கேளாச் செவிகள் இருக்கின்றன. எம் மரபுச் சட்டமாகிய தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, தன் சீதனக் காணியையேனும் கணவனின் எழுத்து மூலச் சம்மதமின்றி விற்கவோ ஈடு வைக்கவோ இயலாது. சம்மதம் பெற வழியில்லாவிடின் மாவட்ட நீதிமன்றத்தை நாடுதல் வேண்டும். கணவன் எங்கே என்று அரசிடம் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருத்தி, அதே கணவனின் ஒப்பம் எங்கே என்று தன் சமூகத்தின் சட்டத்தால் கேட்கப்படுகின்றாள். குடியேற்றத் திட்டங்களின் அனுமதிப்பத்திரக் காணிகளிலோ, 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வாரிசுரிமையில் ஆண்மக்களுக்கு முன்னுரிமை அளித்தது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தமே அதனை மாற்றியது. இவற்றுக்கு அப்பால், கணவன் உளனோ இலனோ என்று தெரியாத நிலையில் பொட்டு வைத்துக்கொள்வதற்கும், கலியாண வீட்டில் முன்வரிசையில் நிற்பதற்கும், ஆலத்தி எடுப்பதற்கும் அவளுக்கு உரிமையுண்டா என்பதை அவளைத் தவிர எல்லோரும் தீர்மானிக்கின்றார்கள். கோலமிடுவதும் பொங்குவதும் மாலை கட்டுவதும் பெண்களாக, ஆலய நிருவாக சபையில் முடிவு கூறுவோர் பெரும்பாலும் ஆண்களாக இருக்கும் வழக்கம், அம்மாளைக் கருவறையில் வைத்திருக்கும் ஊர்களிலும் மாறவில்லை. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் தெளிவாகவும் உறுதியாகவும் பேசும் அதே பெண், கோயிற் கூட்டத்தில் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியவளாகின்றாள். இதற்கு எந்த ஆகமத்தையும் சாட்சிக்கு அழைக்க இயலாது. பழக்கத்தை மாத்திரமே அழைக்க இயலும்.

எனினும் கேட்டல் அரிதேயன்றி இயலாததன்று. அதே 2017 ஆம் ஆண்டில், ஜனவரி 31 ஆம் நாள் முதல், கேப்பாப்புலவு பிலக்குடியிருப்பு மக்கள், பெண்களும் குழந்தைகளும் முன்னிற்க, விமானப்படை முகாமின் வாயிலில் பகலும் இரவும் அமர்ந்து தம் காணியைக் கேட்டார்கள். மார்ச் 1 ஆம் நாள் காணி திரும்பக் கிடைத்தது. இறுதி யுத்தத்தின் முடிவில் சரணடைந்த தம் கணவர் எழிலனை மீட்டுத் தருமாறு அனந்தி சசிதரன் தாக்கல் செய்த ஆட்கொணர்வு மனுவில், 2022 டிசம்பரில் வவுனியா மேல் நீதிமன்றம், அவரை மன்றில் முன்னிலைப்படுத்துமாறு இராணுவத்துக்குக் கட்டளையிட்டது. கட்டளையின்படி ஆளைக் கொணர்தல் நிகழாவிடினும், ஒரு பெண்ணின் சொல்லைச் சாட்சியமாக ஏற்று, அதனைச் சிந்தித்துத் தெளிந்த ஒரு மன்று இந்நாட்டில் இருந்தது என்பது பதிவாயிற்று.

இத்துயரம் ஓரினத்துக்கு மாத்திரம் உரியதுமன்று. 1984 இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி தோன்றியது; 1990 இல், தெற்கில் காணாமற்போன சிங்கள இளைஞர்களின் தாய்மார் அதே பெயரில் திரண்டார்கள். எந்த அலுவலகமும் கேளாதபோது, 1992 இல் அவர்கள் கொழும்பு முகத்துவாரம் காளியம்மன் கோயிலுக்குச் சென்று தெய்வத்திடம் முறையிட்டுத் தேங்காய் உடைத்தார்கள். பௌத்தத் தாயர் தமிழர் கோயிலில் நின்று நீதி கேட்ட அந்த நாளை, பத்தினி தெய்யோ என்று அவர்களும் அம்மாளாச்சி என்று நாமும் வணங்குவது ஒருத்தியையே என்பதோடு சேர்த்து எண்ணும்போது, இந்த நாட்டின் இரு மக்களையும் இணைக்கக்கூடிய பேருண்மையொன்று அங்கே இருக்கின்றது என்று உணர்கின்றோம். 1977 ஏப்ரலில் ஆர்ஜென்தீனாவின் தலைநகரில், மாயோ சதுக்கத்தில் நடக்கத் தொடங்கிய அன்னையரை அந்நாட்டின் ஆட்சியாளர் பைத்தியக்காரிகள் என்றனர். பின்னாளில் அந்த ஆட்சியாளரே நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டனர். கேட்டல் காலந் தாழ்ந்து வரினும் பயனற்றதாகாது என்பதற்கு அது சாட்சி.

எனவே எம் வினாவுக்கு விடை இதுவாகின்றது. பெண்ணின் குரல் இன்று பலவீனமாக இல்லை. வெயிலிலும் மழையிலும் ஆண்டுக் கணக்காக ஒரே வினாவைத் திரும்பத் திரும்பக் கேட்டுவரும் ஒரு குரலினும் வலிய குரல் யாது? பலவீனமாக இருப்பது கேட்போரின் தர்மம். அதனைப் பெண் இன்னும் உரத்துப் பேசுவதனால் திருத்திவிட இயலாது. கேட்க வேண்டியவர் தம்மைத் திருத்திக்கொள்வதனாலேயே இயலும். சரணடைந்தோரின் பட்டியலை வெளியிடுவதும் நீதிமன்றக் கட்டளைக்குப் பணிவதும் அரசின் கடன். தேசவழமையிலுள்ள அந்தச் சம்மத விதியை நீக்கக் கோருவதும், கோயில் நிருவாகத்தில் பெண்களைச் சம உரிமையோடு அமர்த்துவதும், பொட்டையும் பூவையும் பற்றிய தீர்ப்பை உரியவளிடமே விட்டுவிடுவதும் எம் கடன். இவற்றுள் எதற்கும் நாம் கொழும்பின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பிழை செய்தபின்னும் பாண்டியனுக்கு ஒரு பெருமை எஞ்சியது என்றால், அது முறை கேட்டு வந்தவளை உள்ளே அழைத்து, அவள் சொல் மெய்யென்று கண்டதும் தன் ஆசனத்தைக் காட்டிலும் அந்த மெய்யைப் பெரிதாக மதித்த ஒன்றே. அவனை நினைந்து போற்றும் உரிமையை நாமும் இந்நாட்டை ஆள்வோரும் பெறுவது, எம் வாயிலில் நிற்பவளுக்கு விடை கூறும் அன்றுதான்.